சட்டையின் கழுத்தடியில் யார் பெயர்?



நன்னூற் பாயிரத்திலே பவணந்தி முனிவர் ஒரு நூல் உருவாகும் முறைக்கு அழகானதோர் உவமை சொல்கிறார். சொல்தான் பஞ்சு. செய்யுள்தான் இழை. புலவன் நூல் நூற்கும் பெண். அவளுடைய கை புலவனுக்கு வாய். அவளுடைய கதிர் புலவனுக்கு மதி. உயர்தர வகுப்பிலே இப்பகுதியைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்று உறுத்தும். புலவனின் பெருமையை விளக்க அழைத்து வரப்பட்ட அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை. அவள் நூற்றதை நெய்தவனுக்கும் பெயரில்லை. பாயிரம் எழுதுவதற்கு ஆக்கியோன் பெயர் முதலாக எட்டுச் செய்தி வேண்டும் என்று வரையறுத்த மரபு நம்முடையது. துணிக்கு அப்படி ஒரு பாயிரத்தை யாரும் எழுதவில்லை.

இன்றைய உரை ஓர் அமெரிக்கச் சட்டையைப் பற்றியது. இலக்கிய நிகழ்ச்சியிலே சட்டைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்திருந்து கேளுங்கள்.

கனடாவில் இருக்கும் என் பெறாமகள், ரொறன்ரோ நகரத்திலே பழைய உடுப்பு விற்கும் கடையொன்றில் ஒரு சட்டை வாங்கினாள். பழையது என்றால் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்திய உடுப்புக்கு அங்கே தனிச் சந்தை இருக்கிறது. 'விண்டேஜ்' என்று மதிப்பாகச் சொல்கிறார்கள். முன்பக்கம் முழுவதும் பொத்தான், மடித்த கொலர், இடுப்பிலே பட்டி, முழங்கால் மறையும் பாவாடைப் பகுதி. துணி மெல்லிய பருத்தி. சிவப்பும் நீலமும் மஞ்சளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கட்டம். கட்டங்களின் ஓரங்கள் மங்கி, ஒரு நிறம் மற்றதற்குள் வழிந்து கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு தொலைபேசித் திரையிலே தன் அப்பாச்சிக்குக் காட்டினாள். என் தாயார், அன்புவழிபுரத்தில் இருந்தபடியே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதென்ன பிள்ளை, அப்பப்பாட சாரத்தக் கிழிச்சா சட்டை தைச்சிருக்கிறாய்?"

பிள்ளை சிரித்தாள். ஆனால் அம்மா சொன்னது முழு உண்மை. ஒரு காலத்தில் அயலில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சிங்கர் மெசினில் சட்டை தைத்துக் கொடுத்த கண் அது. துணியின் வம்சத்தை அது பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டது. எங்கள் புடைவைக் கடைகளிலே 'பளயகாட்' என்று சொல்லிக் கட்டம் போட்ட சாரம் விற்பார்கள். மலாய்க்காரர் அதே வகையைப் 'பெலிக்காட்' என்பார்கள். இரண்டும் பழவேற்காடு என்ற ஊர்ப் பெயரின் சிதைவுகள். சென்னைக்கு வடக்கே, 1613 இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டித் துணி ஏற்றிய துறைமுகம் அது. சற்றுத் தெற்கே ஆங்கிலேயர் ஏற்றியதற்கு மதராஸ் என்று பெயர் வந்தது. ரொறன்ரோச் சட்டையின் துணி அந்த மதராஸ் துணி.

நான் அந்தச் சட்டையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். ஏட்டுச்சுவடியிலே எழுத்தமைதியைப் பார்த்துக் காலம் கணிப்பதைப் போல, இந்த உடுப்புகளுக்கும் ஒரு கணிப்பு முறை உண்டு. கழுத்தடியில் கம்பனியின் பெயர். பக்கத் தையலிலே ஒரு சிறு துணித் துண்டு, அதில் ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. என்ற எழுத்துக்கள். அது 1900 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தோன்றிய சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் அடையாளம். கூடவே ஏ.எஃப்.எல். - சி.ஐ.ஓ. என்றும் இருந்தது. அவை இரண்டும் ஒன்றாக இணைந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1955 டிசம்பரில்தான் உருவாயிற்று. ஆகவே சட்டை அதற்கு முந்தியதல்ல. மறுபுறத்தில், எப்படித் துவைப்பது என்று சொல்லும் துண்டு எங்கும் இல்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு துண்டு கட்டாயமானது 1972 ஜூலையில். ஆகவே சட்டை பெரும்பாலும் அதற்குப் பிந்தியதுமல்ல. இன்னொரு சின்னத் துண்டு, துணி இந்தியாவில் கையால் நெய்யப்பட்டது என்றது.

தைத்து விற்றவரின் பெயர் இருக்கிறது. தைத்த பெண்களின் பெயர் இல்லாவிட்டாலும் அவர்களின் சங்கத்தின் பெயர் இருக்கிறது. நெய்தவனுக்கு ஒரு தேசத்தின் பெயர் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சங்கத் துண்டு சும்மா வந்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1851 இல் ஐசாக் சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். (1877 இல் அந்தக் கம்பனி இலங்கைக்கும் வந்துவிட்டது, எங்கள் அம்மாமாரின் சீதனப் பொருட்களில் ஒன்றாகவும் ஆனது.) அளவெடுத்துத் தைத்த காலம் போய், அளவுகளை முன்கூட்டியே வகுத்து ஆயிரக்கணக்கில் தைக்கும் காலம் வந்தது. நியூயோர்க் மாடிக் கட்டடங்களிலே யூத, இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். 1911 மார்ச் 25 ஆம் திகதி டிரையாங்கிள் என்ற தொழிற்சாலையில் தீப்பற்றியபோது ஒரு வாசற்கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்ததும் முன்பக்கம் பொத்தான் வைத்த பெண்கள் சட்டைதான். அதன் பிறகே சங்கம் வலுப்பெற்றது, சட்டங்கள் வந்தன. அந்தச் சிறு துண்டைப் பார்க்கும்போது எனக்கு அது ஒரு நடுகல்லாகத் தோன்றுகிறது.

இனிக் கழுத்தடிப் பெயருக்கு வருவோம். அமெரிக்க ரெடிமேட் உடுப்புகளிலே ஆரம்பத்தில் வடிவமைத்தவரின் பெயர் இருந்ததில்லை. கம்பனியின் பெயர் இருக்கும், அல்லது கடையின் பெயர் இருக்கும். வடிவம் பாரிஸிலிருந்து பிரதிபண்ணப்பட்டு வரும். வடிவமைப்பவர் பின்னறையிலே சம்பளத்துக்கு இருந்து வரைவார். இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் கிளெயர் மக்கார்டெல் என்ற பெண்மணி. 1905 இல் மேரிலாந்து மாநிலத்தில் ஃபிரெடெரிக் என்ற ஊரிலே பிறந்தவர். வீட்டுக்கு வந்து தைக்கும் தையற்காரி ஒருத்தியின் பக்கத்திலிருந்து தையல் கண்டவர். நியூயோர்க்கிலும் பாரிஸிலும் படித்துவிட்டு, டவுன்லி ஃபுரொக்ஸ் என்ற ரெடிமேட் கம்பனியிலே வேலை செய்தார்.

1938 இல் அவர் ஆக்கிய ஒரு சட்டைக்கு முன்புறம், பின்புறம், இடுப்பு என்ற வேறுபாடே கிடையாது. கூடாரம் போலத் தொங்கும்; பட்டியைக் கட்டினால் உடம்புக்கு ஏற்ற வடிவம் வரும். நம்மவர் சேலையைப் பற்றிச் சொல்வதைத்தான் அவர் சட்டையிலே செய்து காட்டினார் என்று எனக்குப் படுகிறது. உடுப்பவளே அதற்கு உருவம் கொடுக்கிறாள். அந்தச் சட்டை அமோகமாக விற்றது. அதைவிட அமோகமாகத் திருடப்பட்டது. மற்றக் கம்பனிகள் பிரதிபண்ணித் தள்ளின. அவர்களுடன் வழக்காடிக் களைத்து டவுன்லி கம்பனி மூடப்பட்டது. உருவாக்கியவரின் பெயர் ஒட்டாத பொருளுக்கு இதுதான் கதி.

1940 இல் ஜேர்மன் படைகள் பாரிஸைப் பிடித்தன. பிரதிபண்ணுவதற்கு மூலம் இல்லாமற் போகவே, அமெரிக்கர் தங்கள் வீட்டுக்குள் ஆளைத் தேடினார்கள். அவ்வருடம் டவுன்லி மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை மக்கார்டெலின் பெயரும் லேபலில் ஏறியது. 1942 இல் அவர் ஆக்கிய 'பொப்ஓவர்' என்ற சட்டை, டெனிம் துணியிலே, சுற்றிக் கட்டுவதாக அமைந்தது. வீட்டு வேலைக்கு இருந்தவர்களெல்லாம் யுத்தத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்ட காலம். தானே சமைத்துத் தானே துடைக்க வேண்டிய பெண்ணுக்காக அதை அமைத்தார். பெரியதொரு பொக்கற்றும், சூடான பாத்திரம் பிடிக்கும் கையுறையும் அதிலேயே உண்டு. விலை 6 டொலர் 95 சதம். முதற் பருவத்திலேயே 75,000க்கு மேல் விற்றது என்பார்கள். பெண்கள் சட்டைக்குப் பொக்கற் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், பஸ்சிலே சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கும் பெண்களைக் கவனித்திராதவர்கள். டெனிம், மெத்தை உறைத் துணி, சாதாரணப் பருத்திக் கட்டத்துணி என்று, பெரிய வீடுகள் திரும்பியும் பாராத துணிகளுக்கெல்லாம் அவர் மதிப்புத் தேடிக் கொடுத்தார். 1955 மே மாதம் டைம் சஞ்சிகையின் அட்டையிலே அவர் படம் வந்தது. 1958 மார்ச்சில், 52 வயதிலே, புற்றுநோயால் காலமானார்.

ஆக, வடிவமைத்தவரின் பெயர் கழுத்தடிக்கு வந்து சேர ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. தைத்தவர்களின் சங்கத்தின் பெயர் பக்கத் தையலுக்கு வந்து சேர 146 உயிர்களும் பல வேலைநிறுத்தங்களும் வேண்டியிருந்தன. துணியின் கதை வேறு.

மக்கார்டெல் மறைந்த அதே 1958 இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் இது. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவரும், கண்ணூரிலே பிறந்தவருமான கப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், தாமே பலமுறை சொன்ன கதை. அப்போது அவர் துணி ஏற்றுமதியாளர். வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற நியூயோர்க் இறக்குமதியாளர் அவரிடம் வந்து, சாயமும் நல்லெண்ணெயும் மணக்கும் மதராஸ் கட்டத்துணியை யார் ஒன்று ஒரு டொலர் வீதம் வாங்கினார். இந்தத் துணியைக் குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் அலசவேண்டும், சாயம் போகும் என்று நாயர் சொல்லி அனுப்பினார். ஜேக்கப்ஸன் பத்தாயிரம் யார் துணியைப் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பழம்பெரும் கடைக்கு விற்றார். துவைக்கும் முறையை மட்டும் சொல்ல மறந்தார். துணி உடுப்புகளாகி விற்பனைக்குப் போயிற்று. அமெரிக்கர் அதைச் சலவை இயந்திரத்திலே போட்டுச் சுடுநீரைத் திறந்துவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்த வெள்ளை உடுப்பெல்லாம் வானவில்லாயின. வழக்குப் போடுவோம் என்ற மட்டுக்கு விஷயம் முற்றியது.

அந்நேரத்தில்தான் விளம்பரக்காரர் உள்ளே வந்தார்கள். டேவிட் ஒகில்வி என்ற பெயர் பெற்ற விளம்பர வித்தகரின் பெயர் இக்கதையில் அடிபடுகிறது. 'செவன்டீன்' என்ற இளம்பெண்கள் சஞ்சிகையிலே நாயரின் நேர்காணல் எட்டுப் பக்கத்துக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். துணியைத் திருப்பியெடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்று விளம்பரம் செய்தார்கள்! ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய சட்டையாகும் என்றார்கள். சாயம் போகாத மதராஸை நம்பாதே என்ற நிலை வந்தது. 1960களிலே பல்கலைக்கழக மாணவ மாணவியர் அதைப் போட்டித்துப் போட்டார்கள்.

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இது சுவையான இடம். பழிப்பது போலப் புகழ்வதையும் இலேச அணியில் அடக்குவோர் உளர் என்று தண்டியலங்காரம் கூறும். இங்கே பழிப்பையே எடுத்துப் புகழாக உடுத்திவிட்டார்கள். நூலில் ஓர் இழையும் மாறவில்லை, சாயத்தில் ஒரு சொட்டும் மாறவில்லை, சொல் மாறியது. சொல்லின் வல்லமைக்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இதிலே ஒரு நெருடலும் உண்டு. சாயம் நிற்கப் பண்ணத் தெரியாதவர்கள் அல்லர் நம்மவர். சாயவேரின் சிவப்பு வெயிலுக்கும் வெளுப்புக்கும் நின்றபடியால்தான் சோழமண்டலக் கரைத் துணியை உலகம் தேடி வந்தது. எங்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேரைக் கிண்டியெடுக்கும் தொழிலை ஒல்லாந்தர் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பைக் கணித்துக்கொள்ளுங்கள். நிறம் நிற்கச் செய்த அந்தக் கைத்திறத்துக்கு ஒரு விளம்பரம் கிடைக்கவில்லை. நிறம் நில்லாத ஒரு சரக்கு வாயிலாக மதராஸ் என்ற பெயர் அமெரிக்க வீடுகளுக்குள் பிரசித்தமாயிற்று.

உண்மையில் அந்தப் பெயர் அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பயணப்படத் தொடங்கியது. 1639 இல் பிரான்சிஸ் டே கடற்கரை மணலிலே கோட்டைக்கு இடம் பிடித்ததற்கு முதற் காரணம், அங்கே துணி மலிவு என்பதுதான். அக்கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718 இல் அமெரிக்காவிலுள்ள ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கை அன்பளிப்பாக அனுப்பினார். பெரும்பாலும் துணிகள், கலிக்கோவும் மஸ்லினும் அவற்றுள் அடங்கும். விற்று 562 பவுண் கிடைத்தது. நன்றிக்காகக் கல்லூரிக்கு யேல் என்றே பெயரிட்டார்கள். இன்று உலகறிந்த பல்கலைக்கழகத்தின் பெயர், துணி அனுப்பியவரின் பெயர்.

இதே கட்டத்துணி 'அசல் மதராஸ் கைக்குட்டை' என்ற வணிகப் பெயரோடு மேற்கு ஆபிரிக்காவுக்கும் போயிற்று. நைஜர் ஆற்றுக் கழிமுகத்திலே வாழும் களபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்று அழைத்து, குழந்தை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய பெண்கள் கட்டத்தின் குறிப்பிட்ட இழைகளைச் சிறு கத்தியால் அறுத்து உருவி, துணிக்குப் புதியதொரு கோலம் கொடுக்கிறார்கள். நெய்ததை அவிழ்ப்பதன் மூலம் தமதாக்கிக் கொள்வது! மார்ட்டினிக், குவாதலூப், சென் லூசியாத் தீவுகளிலே பெண்கள் தலையிலே கட்டும் துணிக்கு இன்றும் 'மதராஸ்' என்றே பெயர்.

இவ்வளவு ஊர் சுற்றிய துணியை நெய்தவர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் வாயடைத்துப் போகிறோம். இதற்கு அமெரிக்கரை மட்டும் நோகலாமா? நம் இலக்கியத்தைப் புரட்டிப் பார்ப்போம். பொருநராற்றுப்படையிலே, வேற்றிழை கொண்டு தைத்து ஒட்டுப்போட்ட கந்தலோடு வந்த பொருநனுக்குக் கரிகாலன் புதிய உடை கொடுக்கிறான். இழை ஓடிய வழியைக் கண்ணாலே பின்தொடர முடியாத நுண்மை; பாம்பு கழற்றிய சட்டையைப் போன்ற மென்மை. கொடுத்தவன் பெயர் தெரியும். பாடிய முடத்தாமக்கண்ணியாரின் பெயர் தெரியும். சிலப்பதிகாரம் புகாரிலே காருகர் இருந்த வீதியைக் காட்டுகிறது. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் துகில் வகைகள் முப்பத்தாறின் பெயர்களை அடுக்கித் தருகிறார். முப்பத்தாறு துணிக்குப் பெயர் இருக்கிறது, ஒரு நெசவாளனுக்கு இல்லை. சங்கப் புலவர் வரிசையில் துணியோடு தொடர்புள்ள ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அவரும் துணி விற்றவர்!

அறுவை, துணி, கூறை என்ற சொற்களைப் பாருங்கள். அறுத்தது, துணித்தது, கூறு போட்டது. தறியிலிருந்து வெட்டியெடுத்த கணத்திலிருந்துதான் நம் மொழி அதற்குப் பெயர் வைக்கத் தொடங்குகிறது. தறியிலே இருந்தபோது அது யாருடையதாக இருந்தது என்பதைச் சொல்லும் சொல் இவற்றில் இல்லை. இது என் கற்பனை என்று மொழியியலாளர் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

கிழக்கு மாகாணத்தவராகிய எமக்கு இது தூரத்துக் கதையுமல்ல. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதித் துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மருதமுனையில் எஞ்சியவற்றை 2004 டிசம்பர் கடல்கோளும் விட்டுவைக்கவில்லை. இருந்தும் அங்கே சாரமும் சேலையும் நெய்பவர்கள் இருக்கிறார்கள்.

நெசவு தளர்ந்த அதே காலத்திலே தையல் பெருகியது. 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. பெரிய நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவுதான் என்று வகுத்து வைத்திருந்த பங்குமுறையிலே எமக்கும் ஓர் இடம் கிடைத்தது. அம்முறை 2004 முடிவோடு ஒழிந்த பின்னரும் தொழில் நிலைத்தது. நியூயோர்க் மாடிகளில் தைக்கப்பட்ட ரெடிமேட் உடுப்பு, கடல் கடந்து எங்கள் பிள்ளைகளின் மடிக்கு வந்து சேர்ந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள் புதிதாக ஒரு சட்டை வாங்குவாளாயின், அதைத் தைத்தவள் திருகோணமலைக்காரியாகவும் இருக்கக்கூடும்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அப்படிப் போனவள். தமிழிலே கெட்டிக்காரி. நன்னூற் பாயிரத்தை ஒருமுறை கேட்டு மனனமாக ஒப்புவித்தவள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளை வழியிலே கண்டேன். என்ன வேலை பிள்ளை என்று விசாரித்தேன். "கழுத்துப் பக்கம் லேபல் வச்சுத் தைக்கிறது சேர். பின்னேரம் வரைக்கும் அது ஒண்டுதான்" என்றாள். யாருடைய பெயர் அதில் இருக்கிறது என்று கேட்டேன். வெளிநாட்டுப் பெயர், வாயிலே நுழையாது, ஓடருக்கு ஓடர் மாறும் என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை தைப்பாய் என்றேன்.

"நான் எண்ணுறதில்லை சேர். எண்ணுறதுக்கு வேற ஆள் இருக்கு."

அடுத்த உரையிலே பொருநராற்றுப்படையின் விருந்துக் காட்சிகளைப் பார்ப்போம்.